சம்பளம் வந்தும் கை காலியா? அறிகுறியைப் பார்த்துப் பணப் பழுதைத் தேடும் வழி

சிங்கப்பூரில் வேலை செய்பவர்களுக்கான குறிப்பு இது, வெள்ளி என்பது சிங்கப்பூர் டாலர். கீழே உள்ளவற்றில் உங்கள் அறிகுறி எதுவோ அதற்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றின் கீழும் செலவில்லாமல் சரிசெய்யக்கூடிய காரணம் முதலில் வரும், செலவு வைக்கும் காரணம் கடைசியில் வரும். அந்த வரிசையை மாற்ற வேண்டாம். கால் மணி நேரத்தில் அடைக்கக்கூடிய ஓட்டையை விட்டுவிட்டு, 20 ஆண்டுத் திட்டம் ஒன்றில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருபவர்கள்தான் அதிகம்.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை: எல்லா வங்கிக் கணக்குகளுக்கும் கடன் அட்டைகளுக்கும் கடைசி 3 மாத அறிக்கை, மத்திய சேமநிதியின் சந்தா விவரம், காப்புறுதிப் பட்டியல். சிங்பாஸ் என்ற அரசாங்க மின்னிலக்க அடையாளம் வழியாக மைமணிசென்ஸ் தளத்தில் நுழைந்தால் இவற்றில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் தெரியும். பல வங்கிகளில் கணக்கு வைத்து மறந்துபோனவர்களுக்கு அது ஒன்றே பாதி வேலையை முடித்துவிடும்.

## அறிகுறி: 20ஆம் தேதிக்குள் சம்பளம் தீர்ந்துவிடுகிறது

### தேதிகள் இடிக்கின்றனவா?

ஒரு தாளில் ஒவ்வொரு ஜைரோ கட்டணத்தின் (வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடித்துக்கொள்ளும் கட்டணத்தின்) தேதியையும் தொகையையும் எழுதுங்கள். சம்பளம் 28ஆம் தேதி வந்து, தொலைபேசி 12, காப்புறுதி 15, அட்டை 19 என்று பணம் போனால், நடுவிலுள்ள இரண்டு வாரமும் கணக்கில் இருப்பது உங்கள் பணம் போலத் தோன்றும். அது ஏற்கெனவே வேறொருவருக்குச் சேர வேண்டிய பணம்.

சரிசெய்ய, அட்டை இல்லாத இரண்டாவது கணக்கு ஒன்றைத் திறந்து, எல்லா ஜைரோவையும் அதற்கு மாற்றுங்கள். மாத ஜைரோ மொத்தத்தைச் சம்பளக் கணக்கிலிருந்து அங்கே தானாக மாற்றும்படி வங்கியிடம் நிரந்தர உத்தரவு கொடுங்கள். அதைச் சம்பள நாளன்றே வைக்காமல் இரண்டு நாள் தள்ளி வையுங்கள். சம்பளம் ஒரு நாள் தாமதமானால் உத்தரவு செல்லாமல் போகும், அதன்பின் ஜைரோவும் திரும்பும். திரும்பிய ஜைரோவுக்கு வங்கி ஒரு பக்கம் கட்டணம் போடும், பணம் கிடைக்காத நிறுவனம் இன்னொரு பக்கம் போடும். அட்டையின் கட்டணத் தேதியை மாற்றித் தரும்படி வங்கியைக் கேட்டுப் பார்க்கலாம்.

### சத்தமில்லாமல் போகும் காசு

3 மாத அறிக்கையிலும் ஒரே தொகை திரும்பத் திரும்ப வரும் வரிகளைக் கோடிடுங்கள். செயலிக் கடைகள் வழியாகக் கட்டும் சந்தாக்களுக்குக் கடையின் பெயர் மட்டுமே வரும், எந்தச் செயலி என்று தெரியாது. தொலைபேசியிலுள்ள சந்தாப் பக்கத்தைத் திறந்துதான் பார்க்க வேண்டும். அடுத்து அட்டையின் ஆண்டுக் கட்டணம். பல அட்டைகளுக்கு இது பொருள் சேவை வரியோடு 196.20 வெள்ளி. செயலியிலோ தானியங்கித் தொலைபேசியிலோ கேட்டால் பெரும்பாலும் தள்ளுபடி கிடைக்கும், கேட்காதவர் கட்டுகிறார். கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லாததற்கான மாதக் கட்டணத்தையும் பாருங்கள். பழைய கணக்கில் 40 வெள்ளி கிடந்து, மாதம் 2 வெள்ளியாகக் கரைந்துகொண்டிருக்கும்.

### ஆண்டுக்கு ஒருமுறை வரும் செலவு

அதிகம் சிக்குவதும், யாரும் சந்தேகப்படாததும் இதுதான். ஓர் எடுத்துக்காட்டு: தீபாவளி 800, ஊருக்குப் போகும் விமானச்சீட்டுக்கு எடுத்து வைப்பது 2,000, பள்ளித் தொடக்கச் செலவு 300, வருமான வரி 720, குளிர்சாதனச் சுத்தம் 180, திருமண மொய் 320. கூட்டினால் 4,320 வெள்ளி. 12ஆல் வகுத்தால் மாதம் 360. இந்த 360ஐ ஒதுக்காதவர், மாதச் செலவுக்கணக்கு எவ்வளவு துல்லியமாக எழுதினாலும் ஆண்டுக்கு 4,320 வெள்ளி அட்டையில் ஏறுவதைத் தடுக்க முடியாது. மொய்யை ‘எதிர்பாராத செலவு’ என்று எழுதாதீர்கள். தை பிறந்தால் பத்திரிகை வரும் என்பது தெரிந்த விஷயம்தானே.

வரியை மட்டும் ஒரே தொகையாகக் கட்டத் தேவையில்லை. வரி அலுவலகத்தில் ஜைரோ போட்டால் 12 மாதத் தவணையாகப் பிரித்துக்கொள்வார்கள், வட்டி கிடையாது.

### மூன்றும் சரி, இன்னும் காலி

அப்படியானால் ஓட்டை இல்லை, பாரம்தான் அதிகம். வாடகை அல்லது வீட்டுத் தவணை, கார், மற்ற தவணைகள் எல்லாம் சேர்த்து கைக்கு வரும் சம்பளத்தில் பாதியைத் தொட்டால், காப்பியைக் குறைத்துத் தீர்க்க முடியாது. வங்கி வீட்டுக்கடன் தரும்போது எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மொத்த வருமானத்தில் 55 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று ஒரு வரம்பு உண்டு. அது வங்கியின் பாதுகாப்புக்கான உச்ச வரம்பு. உங்கள் குடும்பம் நிம்மதியாக வாழும் அளவு என்று அதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

### எங்கே உதவி கேட்பது

சம்பளமே வரவில்லை என்றால்: சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் முதலாளி கொடுத்தாக வேண்டும். இல்லையென்றால் வேலைத் தகராறுகளில் சமரசம் செய்யும் டிஏடிஎம் அமைப்பிடம் புகார் செய்யலாம். வேலையில் இருப்பவருக்கு ஓராண்டு அவகாசம், வேலையை விட்டவருக்கு 6 மாதம். “அடுத்த மாதம் சேர்த்துத் தருகிறேன் தம்பி” என்ற பேச்சிலேயே அந்த 6 மாதம் ஓடிவிடும், தேதியைக் குறித்து வையுங்கள். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் சாப்பாட்டுக்கே தட்டுப்பாடு என்றால் சமூகச் சேவை அலுவலகத்துக்குப் போகலாம், அல்லது காம்கேர் என்ற அரசாங்க உதவித் திட்டத்தின் எண் 1800-222-0000ஐ அழைக்கலாம்.

## அறிகுறி: மாதாமாதம் கட்டியும் அட்டைக் கடன் குறையவில்லை

### குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டுகிறீர்களா?

அறிக்கையில் வட்டி என்ற வரியைக் கண்டுபிடியுங்கள். அட்டை வட்டி பொதுவாக ஆண்டுக்கு 26 முதல் 28 விழுக்காடு. 6,000 வெள்ளி நிலுவைக்கு 27 விழுக்காடு என்றால் ஒரு மாத வட்டி 135 வெள்ளி. குறைந்தபட்சத் தொகை 3 விழுக்காடு, அதாவது 180. நீங்கள் 180 கட்டுகிறீர்கள், அசலில் குறைவது 45தான்.

இன்னொன்றும் நடக்கிறது. நிலுவையை முழுதாகக் கட்டாத மாதத்தில் புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லா நாள்கள் கிடைக்காது. தேக்காவில் வாங்கிய மீனுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். அதனால் முதல் வேலை, நிலுவையுள்ள அட்டையைப் பணப்பையிலிருந்து எடுத்துவிடுவது. செயலிகளிலும் பேருந்துக் கட்டணத்திலும் அதே அட்டை சேமிக்கப்பட்டிருக்கும், அங்கேயும் நீக்க வேண்டும்.

பிறகு ஒரு நிலையான தொகையை வையுங்கள். அதே 6,000 வெள்ளிக்கு மாதம் 200 கட்டினால் முடிய 4 ஆண்டுக்கு மேல் ஆகும், வட்டி மட்டும் 4,000 வெள்ளியைத் தாண்டும். 300 கட்டினால் 27 மாதத்தில் முடிந்துவிடும், வட்டி சுமார் 2,060. கூடுதலாகக் கட்டும் 100 வெள்ளிக்கு இவ்வளவு பலன் தரும் முதலீடு எங்கும் கிடையாது. அட்டைக் கடன் உள்ளவருக்கு முதல் முதலீடு அந்தக் கடனை அடைப்பதுதான்.

### சேமிப்பும் இருக்கிறது, கடனும் இருக்கிறது

ஒரு பக்கம் சேமிப்புக் கணக்கில் 5,000 வெள்ளி ‘அவசரத்துக்கு’ என்று கிடக்கும், மறுபக்கம் அட்டையில் 4,000 நிலுவை இருக்கும். அங்கே கிடைப்பது 0.05 விழுக்காடு, இங்கே போவது 27. ஒரு மாதச் செலவுக்கு மட்டும் வைத்துக்கொண்டு மீதியை அட்டையில் கட்டிவிடுங்கள். அவசரம் வந்தால் அட்டை எப்படியும் இருக்கிறது.

பெட்டியில் தூங்கும் நகைக்கும் இதே கணக்குதான். அடகுக்கடை வட்டிக்குச் சட்டப்படி உச்சவரம்பு மாதம் 1.5 விழுக்காடு, மீட்கும் காலம் 6 மாதம். அட்டை வட்டியோ மாதம் 2.25 விழுக்காடு. 6 மாதத்துக்குள் மீட்க வழி தெரிந்தால் அடகு வைத்து அட்டையை அடைக்கலாம். வட்டியைக் கட்டி நீட்டித்துக்கொண்டே போவீர்கள் என்று உங்களுக்கே தோன்றினால், போடாத ஒரு நகையை விற்றுவிடுவது நல்லது. வீட்டில் பேச்சு வரும், வரட்டும். மீட்காமலும் நீட்டிக்காமலும் காலம் கடந்தால் நகையே போய்விடும். அடகுச் சீட்டைப் படம் எடுத்து வையுங்கள், தொலைந்தால் உடனே கடைக்குத் தெரிவியுங்கள்.

### நிலுவையை வேறு வங்கிக்கு மாற்றுவது

சில வங்கிகள் 6 அல்லது 12 மாதத்துக்கு 0 விழுக்காடு என்று நிலுவையை எடுத்துக்கொள்ளும். தொடக்கத்தில் ஒருமுறைக் கட்டணம் உண்டு. நிலுவையையும் கட்டணத்தையும் சேர்த்து மாத எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். அந்தத் தொகையை மாதாமாதம் கட்ட முடியாதென்றால் எடுக்காதீர்கள். காலம் முடிந்ததும் மிச்சத்துக்குப் பழைய வட்டி திரும்ப வரும். பெரும்பாலோர் சறுக்குவது இன்னோரிடத்தில்: காலியான பழைய அட்டையை மறுபடி தேய்க்கத் தொடங்குகிறார்கள்.

அட்டையை வைத்து ஏடிஎம்மில் ரொக்கம் எடுப்பது எந்தப் பழுதுக்கும் தீர்வாகாது. எடுக்கும்போதே சுமார் 8 விழுக்காடு கட்டணம் போய்விடும், வட்டியும் அன்றே ஓடத் தொடங்கும்.

### எங்கே உதவி கேட்பது

வட்டி ஓடும் பிணையில்லாக் கடன்கள் எல்லாம் சேர்ந்து உங்கள் மாத வருமானத்தைப் போல 12 மடங்கைத் தாண்டினால், வங்கிகளின் கடன் ஒருங்கிணைப்புத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். அது குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உரியது. குறைந்தபட்சத் தொகையையே கட்ட முடியவில்லை, அல்லது ஓர் அட்டையை வைத்து இன்னோர் அட்டையைக் கட்டுகிறீர்கள் என்றால் கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூர் என்ற அறநிறுவனத்திடம் போங்கள். அவர்கள் வங்கிகளோடு பேசி ஒரே தவணையாக மாற்ற முயல்வார்கள். தவறிய பிறகு போவதைவிடத் தவறப்போகும் மாதத்துக்கு முன்னால் போவது நல்லது.

## அறிகுறி: தனியார் கடனில் மாட்டிக்கொண்டது

உரிமம் பெற்ற இடமா என்று சட்ட அமைச்சின் கடன் கொடுப்போர் பதிவகப் பட்டியலில் பாருங்கள். உரிமம் பெற்றவர் மாதம் 4 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்க முடியாது. தாமதக் கட்டணம் மாதம் 60 வெள்ளிக்கு மேல் போடக் கூடாது, தொடக்கக் கட்டணம் அசலில் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. வட்டி, கட்டணம் எல்லாம் சேர்ந்தும் அசல் தொகைக்கு மேல் போகக் கூடாது. 3,000 வெள்ளி வாங்கியவரிடம் எத்தனை ஆண்டு ஆனாலும் 6,000க்கு மேல் கேட்க முடியாது. கணக்கு அதைத் தாண்டியிருந்தால் பதிவகத்திடம் புகார் செய்யுங்கள்.

குறுஞ்செய்தியிலோ வாட்ஸ்அப்பிலோ அழைப்பிலோ “கடன் வேண்டுமா” என்று கேட்பவர் உரிமம் பெற்றவர் இல்லை. உரிமம் உள்ளவருக்கு அப்படி விளம்பரம் செய்ய அனுமதி கிடையாது. சிங்பாஸ் மறைச்சொல், ஏடிஎம் அட்டை, அடையாள அட்டை, வேலை அனுமதி அட்டை எதையும் பிடித்து வைக்கவும் உரிமை இல்லை. ஆலோங் (உரிமமில்லாக் கடன்காரர்) தொல்லை என்றால் பேரம் பேசாமல் 1800-924-5664 எண்ணை அழையுங்கள். வீட்டு வாசலில் ஆள் நின்றால் 999.

## அறிகுறி: சேமிப்பு இருக்கிறது, வட்டி சில்லறையாக வருகிறது

### கணக்கின் வகை

சாதாரணச் சேமிப்புக் கணக்கில் 0.05 விழுக்காடு என்றால் 20,000 வெள்ளிக்கு ஆண்டுக்கு 10 வெள்ளி. யூஓபி ஒன், ஓசிபிசி 360, டிபிஎஸ் மல்டிப்ளையர் போன்ற கணக்குகள் நிபந்தனைகளை நிறைவேற்றினால் கூடுதலாகத் தரும். அந்தக் கணக்கு இருந்தும் கூடுதல் வட்டி வரவில்லையா? இவற்றைப் பாருங்கள்:

- சம்பளம் ‘சம்பளம்’ என்ற குறியீட்டோடு வருகிறதா, சாதாரணப் பணமாற்றமாக வருகிறதா? சிறு நிறுவனங்களில் முதலாளி தன் கைப்பேசியிலிருந்து பேநவ் என்ற உடனடிப் பணமாற்று வசதியில் அனுப்பினால் சில வங்கிகள் அதைச் சம்பளமாக எடுத்துக்கொள்ளாது.
- சம்பளத் தொகை அந்தக் கணக்கின் குறைந்தபட்சத்தைத் தொடுகிறதா?
- அட்டைச் செலவு எந்தத் தேதியில் பதிவானது? 31ஆம் தேதி தேய்த்தது அடுத்த மாதம் 2ஆம் தேதி பதிவானால் சில வங்கிகளில் அது அடுத்த மாதக் கணக்குதான்.

வட்டிக்காகத் தேவையில்லாத 500 வெள்ளியைச் செலவழிக்கும் கதையும் உண்டு. அப்படிப்பட்டவருக்குச் சாதாரணக் கணக்கே மேல்.

நிரந்தர வைப்பு முதிர்ந்த தேதியையும் பாருங்கள். விளம்பர வட்டிக்குப் போட்ட வைப்பு, நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் வழக்கமான குறைந்த வட்டிக்குத் தானாகப் புதுப்பிக்கப்படலாம்.

### சிங்கப்பூர் சேமிப்புப் பத்திரம்: விண்ணப்பம் ஏன் செல்லவில்லை?

தொடங்குபவருக்கு அரசாங்கம் வெளியிடும் இந்தப் பத்திரத்தைவிடப் பாதுகாப்பான இடம் அரிது. 500 வெள்ளியிலிருந்து போடலாம், ஒருவருக்கு உச்சவரம்பு 200,000. 10 ஆண்டுப் பத்திரம், 6 மாதத்துக்கு ஒருமுறை வட்டி. எந்த மாதமும் அபராதமில்லாமல் மீட்கலாம், அடுத்த மாதம் 2ஆவது வேலைநாளுக்குள் பணம் வந்துவிடும்.

விண்ணப்பம் திரும்பினால் முதலில் சிடிபி கணக்கு (பங்குகளும் பத்திரங்களும் உங்கள் பெயரில் பதிவாகும் கணக்கு) இருக்கிறதா என்று பாருங்கள். பங்கு வாங்காதவர் பலருக்கு அது இருக்காது. இருந்தால், வங்கிக் கணக்கு அதோடு இணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், வட்டி வந்து சேரும் வழி அதுதான். பிறகு தேதி: மாதக் கடைசியிலிருந்து எண்ணினால் 4ஆவது வேலைநாள் இரவு 9 மணியோடு விண்ணப்பம் முடிந்துவிடும். கேட்டதில் பாதி மட்டும் கிடைத்தால் பழுது ஒன்றும் இல்லை, விண்ணப்பம் அதிகமாக வந்தால் பகிர்ந்து கொடுப்பார்கள்.

வாங்க 2 வெள்ளி, மீட்க 2 வெள்ளி கட்டணம். 500 வெள்ளி போட்டு, முதலாண்டு வட்டி 2 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் கிடைப்பது 10 வெள்ளி. ஓராண்டிலேயே மீட்டால் அதில் 4 கட்டணத்துக்குப் போய்விடும். சின்னச் சின்னதாகப் பிரித்துப் போடாமல், சேர்த்து வைத்து 2,000, 3,000 என்று போடுங்கள்.

2022 டிசம்பரில் வெளியான பத்திரத்தின் 10 ஆண்டுச் சராசரி வட்டி 3.47 விழுக்காடு. அதே மாதம் 6 மாதக் கருவூலப் பத்திரம் 4.4 விழுக்காட்டைத் தொட்டது. அந்த நினைப்பில் இப்போதைய வட்டியைப் பார்த்து ஏதோ தவறு என்று தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். வட்டி விகிதம் இறங்கியிருக்கிறது, வேறொன்றும் இல்லை.

கருவூலப் பத்திர ஏலத்தில் எதுவும் கிடைக்கவில்லை என்றால், நீங்கள் கேட்ட வட்டி முடிவான வட்டியைவிட அதிகமாக இருந்திருக்கும். அடுத்த முறை வட்டி குறிப்பிடாத ஏலத்தில் போடுங்கள். குறைந்தது 1,000 வெள்ளி வேண்டும்.

வங்கியில் பெரிய தொகை இருப்பவர் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: 2024 ஏப்ரலிலிருந்து வைப்புக் காப்புறுதி ஒரு வங்கியில் ஒருவருக்கு 100,000 வெள்ளி வரை. வெளிநாட்டு நாணய வைப்பும் முதலீடுகளும் அதில் சேரா. சீட்டுப் பணத்துக்கு இந்தக் காப்பு அறவே கிடையாது, எவ்வளவு பழகிய அக்கா நடத்தினாலும்.

## அறிகுறி: மத்திய சேமநிதியில் தொகை குறைகிறது

55 வயதுக்கு உட்பட்டவருக்கு ஊழியர் 20, முதலாளி 17, மொத்தம் 37 விழுக்காடு. 3,000 வெள்ளி சம்பளத்துக்கு மாதம் 1,110 வர வேண்டும். 2026 முதல் மாதச் சம்பளத்தில் 8,000 வெள்ளி வரைதான் கணக்கில் எடுப்பார்கள், அதற்கு மேல் சம்பளம் உள்ளவருக்குக் குறைவது போலத் தெரிவது பிழையில்லை. நிரந்தரவாசி ஆன முதல் இரண்டு ஆண்டுகளிலும் விகிதம் குறைவுதான். வேலை அனுமதியிலோ எம்பிளாய்மென்ட் பாஸிலோ இருப்பவருக்கு இது கிடையாது, அதனால் அவர்களுடைய ஓய்வுக்கால ஒதுக்கீடு முழுக்க அவர்கள் கையில்தான்.

முதலாளி அடுத்த மாதம் 14ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். சம்பளச் சீட்டில் பிடித்தம் காட்டியும் கணக்கில் வரவில்லை என்றால் மத்திய சேமநிதிக் கழகத்திடம் தெரிவியுங்கள். ஓய்வுக்காக ரொக்கமாக நீங்களே நிரப்பும் தொகைக்கு ஆண்டுக்கு 8,000 வெள்ளி வரை வரிச் சலுகை உண்டு, ஆனால் நிரப்பிய பணத்தை நினைத்தபோது திரும்ப எடுக்க முடியாது. அவசர நிதி இல்லாதவர் இதில் இறங்கக் கூடாது.

## அறிகுறி: முதலீடு செய்தேன், ‘தானாக வரும் வருமானம்’ வரவில்லை

### வர வேண்டிய தொகை எவ்வளவு?

மாதம் 500 வெள்ளி வேண்டுமென்றால் ஆண்டுக்கு 6,000. 3 விழுக்காட்டில் அதற்கு 200,000 வெள்ளி மூலதனம் வேண்டும், 4 விழுக்காட்டில் 150,000. உங்களிடம் 10,000 இருந்தால் 4 விழுக்காட்டில் மாதம் 33 வெள்ளி வரும். 33 வருகிறதா? அப்படியானால் பழுது இல்லை, மூலதனம்தான் சிறியது. அதற்கு மருந்து, அதிகம் தருவதாகச் சொல்லும் இன்னொரு திட்டத்தைத் தேடுவதில்லை. மேலே சொன்ன ஓட்டைகளை அடைத்து மிச்சம் பிடிக்கும் பணத்தை மாதாமாதம் சேர்ப்பதுதான்.

### ஈவுத்தொகை எங்கே போனது?

- எக்ஸ்-டிவிடெண்ட் தேதியன்றோ (புதிதாக வாங்குபவருக்கு ஈவுத்தொகை உரிமை இல்லாமல் போகும் தேதி) அதற்குப் பிறகோ வாங்கியிருந்தால் அந்த முறை ஈவுத்தொகை விற்றவருக்குத்தான்.
- சிடிபியில் உள்ள பங்குக்கு இணைத்த வங்கிக் கணக்குக்கே வரும். தரகர் பெயரில் உள்ள பங்குக்குத் தரகர் கணக்கில் ரொக்கமாக நிற்கும், உள்ளே போய்ப் பாருங்கள்.
- அமெரிக்கப் பங்குக்கு 30 விழுக்காடு பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். சிங்கப்பூர் நிறுவனப் பங்குக்கு இங்கே தனிநபர் வரி கிடையாது.

### கட்டணம் தின்கிறதா?

குறைந்தபட்சத் தரகு 25 வெள்ளி என்றால், 200 வெள்ளிக்குப் பங்கு வாங்கும்போதே 12.5 விழுக்காடு போய்விட்டது. 3 ஆண்டு ஈவுத்தொகை அதிலேயே தீர்ந்தது. சிறு தொகைக்கு மாதாந்தரச் சேமிப்புத் திட்டங்கள் பொருத்தம். 100 வெள்ளியிலிருந்து சிங்கப்பூரின் 30 பெரிய நிறுவனங்களைக் கொண்ட எஸ்டிஐ இடிஎஃப் என்ற குறியீட்டு நிதியை வாங்கலாம்.

### ஈவுத்தொகை வருகிறது, ஆனால் மொத்தம் குறைகிறது

ரீட் (வாடகைக் கட்டடங்களை வைத்திருக்கும் சொத்து முதலீட்டு நிதி) வாங்கியவர்களிடம் அடிக்கடி காணும் நிலை இது. 9 விழுக்காடு தருகிறது என்று வாங்குவார்கள். விலை விழுந்ததால்தான் அந்த விழுக்காடு பெரிதாகத் தெரிகிறது என்பதைப் பார்த்திருக்க மாட்டார்கள். காலாண்டு அறிக்கையில் கடன் விகிதத்தைப் பாருங்கள். நாணய ஆணையத்தின் வரம்பு 50 விழுக்காடு. 40ஐத் தாண்டி, அடுத்த ஆண்டே திருப்ப வேண்டிய கடனும் நிறைய இருந்தால் உரிமைப் பங்கு வெளியீடு வரலாம். அதற்கான கடிதத்தைப் பிரிக்காமல் வைத்தவருடைய பங்கு நீர்த்துப்போகும். சிடிபியில் பதிந்த முகவரி பழைய வீட்டு முகவரியா என்று இன்றே பாருங்கள்.

சந்தை இறங்கியபோது விற்க நேர்ந்ததா? அது முதலீட்டின் பழுதில்லை, அவசர நிதி இல்லாததன் பழுது. 3 முதல் 6 மாதச் செலவு தனியாகக் கையில் இல்லாதவர் பங்குக்குப் போக வேண்டாம்.

### முதலீட்டோடு சேர்ந்த காப்புறுதி

கட்டியது 9,600, மதிப்பு 5,000 என்று அறிக்கை காட்டுகிறதா? மோசடி என்று பதற வேண்டாம். தொடக்க ஆண்டுகளின் கட்டணமும் காப்புறுதிச் செலவும் போன மிச்சம் அது. ஒப்பந்தத்தின் கட்டண அட்டவணையில், இன்று விட்டால் எவ்வளவு, 2 ஆண்டு கழித்து விட்டால் எவ்வளவு என்று எழுதிப் பாருங்கள். பத்திரம் கையில் கிடைத்து 14 நாளுக்குள் என்றால் ரத்து செய்து பணத்தைத் திரும்பக் கேட்கலாம், அதற்குள் முதலீட்டு மதிப்பு இறங்கியிருந்தால் அதைக் கழித்துக்கொள்வார்கள். அது கடந்துவிட்டால் ஒரு விதி: புதிய ஆயுள் காப்புறுதி ஒப்புதலாகிக் கைக்கு வருமுன் பழையதை விடாதீர்கள். நடுவில் சர்க்கரை நோய் தெரியவந்தால் புதிய இடத்தில் எடுக்கவே மாட்டார்கள்.

இந்த இடத்தில் தொழில்முறை ஆலோசகர் தேவைப்படலாம். விற்பனைக் கமிஷன் இல்லாமல் கட்டணத்துக்குப் பார்ப்பவராகத் தேடி, நாணய ஆணையத்தின் பிரதிநிதிகள் பதிவேட்டில் அவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். விற்றவர் சொன்னது ஒன்று, பத்திரத்தில் இருப்பது வேறொன்று என்றால் முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் புகார். இறுதிப் பதில் வந்து 6 மாதத்துக்குள், நிதித்துறைத் தகராறுகளைத் தீர்க்கும் ஃபிட்ரெக் அமைப்பிடம் போகலாம்.

## அறிகுறி: தினமும் லாபம் காட்டுகிறது, பணத்தை எடுக்க முடியவில்லை

இங்கே சோதனை ஒன்றே ஒன்று. எடுக்க வேண்டுமானால் முதலில் ‘வரி’, ‘கட்டணம்’ என்று இன்னும் பணம் போடச் சொல்கிறார்களா? அப்படியென்றால் அது மோசடி. திரையில் தெரியும் லாபம் வெறும் எண். ஒரு காசும் மேலே போடாமல் வங்கியின் 24 மணி நேர மோசடித் தொலைபேசியை அழையுங்கள், பிறகு காவல்துறையில் புகார். சந்தேகம் மட்டும்தான் என்றால் மோசடி உதவி எண் 1799ஐ அழையுங்கள். நாணய ஆணையத்தின் முதலீட்டாளர் எச்சரிக்கைப் பட்டியலில் பெயர் இல்லை என்பது சான்றிதழ் ஆகாது, நிதி நிறுவனங்கள் பட்டியலில் இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். அன்றாடம் தொடாத சேமிப்பை வங்கிச் செயலியிலேயே பூட்டி வைக்கும் வசதி பெரிய வங்கிகளில் உண்டு.

## அறிகுறி: ஊருக்கு அனுப்பியது வளரவில்லை

### அனுப்பும் விலை

1,000 வெள்ளி அனுப்பும்போது கட்டணம் இல்லை என்று போட்டிருந்தாலும், மாற்று விகிதத்தில் வெள்ளிக்கு 60 பைசா குறைத்தால் 600 ரூபாய் போயிற்று. கைக்குச் சேரும் ரூபாயை மட்டும் ஒப்பிடுங்கள். பேநவ்-யுபிஐ இணைப்பு 2023 பிப்ரவரியில் தொடங்கியது. சிறு தொகைக்கு அதன் விகிதத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

### 7 விழுக்காடு வட்டி என்று போட்டது

2010இல் ஒரு வெள்ளிக்கு 33, 34 ரூபாய். 2024இல் 62க்கு மேல். ரூபாய் வெள்ளிக்கு எதிராக ஆண்டுக்குச் சராசரி 4 விழுக்காட்டுக்கும் மேல் இறங்கியிருக்கிறது. என்ஆர்ஈ வைப்பில் (வெளிநாட்டில் சம்பாதித்ததை இந்திய வங்கியில் போடும் கணக்கில்) 7 விழுக்காடு வாங்கி, பணத்தைச் சிங்கப்பூருக்கே திரும்பக் கொண்டுவருபவருக்கு மிஞ்சியது 2.5 விழுக்காட்டை ஒட்டித்தான். அது மத்திய சேமநிதியின் சாதாரணக் கணக்கு தரும் வட்டி. பணம் ஊரிலேயே வீடு கட்டவோ பெற்றோர் செலவுக்கோ என்றால் இந்தக் கணக்கு பொருந்தாது, தாராளமாகப் போடலாம்.

### வரி பிடித்துவிட்டார்கள்

என்ஆர்ஈ வைப்பு வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. என்ஆர்ஓ (வெளிநாடுவாழ் இந்தியர் இந்தியாவில் வரும் வருமானத்துக்கு வைக்கும் கணக்கு) வட்டியில் 30 விழுக்காடும் கூடுதல் வரியும் பிடிப்பார்கள். சிங்கப்பூர் வரி அலுவலகத்திடமிருந்து வரிக் குடியிருப்புச் சான்றிதழ் வாங்கி வங்கியில் கொடுத்தால் இரு நாட்டு ஒப்பந்தப்படி 15 விழுக்காடாகக் குறையும். இங்கே வேலைக்கு வந்த பிறகும் ஊரில் பழைய சாதாரணச் சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருப்பவர் அதை என்ஆர்ஓவாக மாற்ற வேண்டும்.

### நிலம்

வீட்டு மனை வாங்கலாம். நஞ்சை, புஞ்சை, தோட்டம் ஆகியவற்றை வெளிநாடுவாழ் இந்தியரும் ஓசிஐ (இந்திய வம்சாவளியினருக்கான) அட்டைக்காரரும் விலைக்கு வாங்க முடியாது, வாரிசுரிமையாக வரலாம். “மச்சான் பெயரில் வாங்கிப் போடுவோம்” என்பது பினாமிச் சட்டத்தில் கொண்டுபோய் நிறுத்தலாம், குடும்பச் சண்டையிலும் நிறுத்தலாம். முன்பணம் கொடுக்குமுன் வில்லங்கச் சான்றிதழையும் நில வகைப்பாட்டையும் அந்த ஊர் வழக்கறிஞர் ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள். விற்பவர் காட்டும் வழக்கறிஞர் வேண்டாம், நீங்களே தேடியவராக இருக்கட்டும். ஏற்கெனவே வாங்கிவிட்டு வாடகையோ விற்பனையோ வரும் கட்டத்தில் இருப்பவருக்கு வழக்கறிஞரோடு ஒரு பட்டயக் கணக்காளரும் வேண்டும். விற்ற பணத்தை இங்கே கொண்டுவரும் படிவங்களில் அவர் கையெழுத்து இல்லாமல் வங்கி நகராது.